பழைய டிஸ்கில் ரீத்தம்மா டீச்சரின் குரல்

கைனகரி
11 ஜூன் 2019

பவித்ரன் மாஷுக்கு,

ரீத்தம்மா எழுதுகிறேன். எந்த ரீத்தம்மா என்று தலையைச் சொறிய வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் உங்களைக் கள்ளன் என்று சொன்ன அதே ரீத்தம்மா. நீங்கள் மஸ்கட்டை விட்டுத் திரும்பி வந்து, பய்யன்னூரில் மனைவி வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டீர்கள் என்று நம் பழைய பியூன் தங்கச்சன் சொன்னார். விலாசமும் நம்பரும் அவர் கொடுத்ததுதான். நலமா என்று முதலில் கேட்பது முறை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில், காயலைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு மெஷின் இருந்ததே, அதை ஏலத்துக்குக் கழற்றிய அன்று உள்ளே இருந்த ஹார்டு டிஸ்கை உருவி உங்கள் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனீர்கள். நான் பார்த்தேன். அதனால்தான் கள்ளன் என்றேன். அந்த டிஸ்க் எனக்கு வேண்டும்.

பிள்ளைகள் காலையில் படகு இறங்கி வந்ததும் முந்தின ராத்திரி கண்ட சொப்பனத்தைச் சொல்வார்கள், நீங்கள் மைக்கை நீட்டிப் பதிவு செய்வீர்களே, அதெல்லாம் அதில்தான் இருக்கிறது. நான் பாடிய ஓணப்பாட்டும் அதில் இருக்கிறது. என் குரல் எனக்கு வேண்டும், மாஷே. அவ்வளவுதான்.

போன் செய்ய வேண்டாம், எடுத்துப் பேச மாட்டேன். வாட்ஸாப்பில் கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு மறந்துவிடுவீர்கள். காகிதத்தில் கேட்டால் பதில் எழுதித்தானே ஆக வேண்டும்.

ரீத்தம்மா


பய்யன்னூர்
17 ஜூன் 2019

டீச்சரே,

போன் செய்ய வேண்டாம் என்றால் செய்யாமல் இருக்க நான் என்ன உங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளையா? தங்கச்சனிடம் நம்பர் வாங்கி இரண்டு தடவை கூப்பிட்டேன். இரண்டு தடவையும் எடுத்தீர்கள். பின்னால் படகு மணி, தண்ணீர் அலம்பும் சத்தம், உங்கள் மூச்சு. அவ்வளவும் கேட்டது. ஒரு வார்த்தை வரவில்லை. பிறகு வைத்துவிட்டீர்கள். என் மனைவி பிரசன்னா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "பேச இஷ்டமில்லாதவங்ககிட்ட எதுக்குத் தொங்குறீங்க? உங்களுக்கு ரோஷமே கிடையாதா?" என்றாள். ரோஷம் இருக்கிறது டீச்சரே. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் எடுத்தது உண்மை. ஏலக்காரன் தராசு கொண்டுவந்திருந்தான். பிள்ளைகளின் சொப்பனத்தைப் பழைய இரும்போடு சேர்த்து நிறுத்துக்கொண்டு போவான், நான் பார்த்துக்கொண்டு நிற்பேனா? ஜோபி என்ற பயல் நினைவிருக்கிறதா? அவன் அப்பா படகில் தண்ணீர் இறைக்கும் தகரத்தில் நிலா வந்து மாட்டிக்கொண்டது, இறைக்க இறைக்க வெளிச்சமாகவே கொட்டியது என்று சொன்னவன். அதை எடைக்குப் போடுவதா? ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன், "எடுத்துட்டுப் போய்யா, எனக்கென்ன" என்றார். இதையெல்லாம் சொல்ல விட்டீர்களா நீங்கள்? மேஜையைத் தட்டி, கள்ளன் என்று நீங்கள் போட்ட சத்தத்தில் வெளியே மேய்ந்த வாத்துக்கூட்டமே தண்ணீரில் குதித்தது. அதற்கு அடுத்த மாதம் நான் கடல் கடந்தேன். டிஸ்கும் என்னோடு வந்தது.

மஸ்கட்டில் மத்தியானம் தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. ஏசி ஓடும் அறையில் படுத்துக்கொண்டு, துண்டில் சுற்றிய அந்த டிஸ்கைச் சில நாள் காதில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் கேட்காது. ஆனாலும் உள்ளே பிள்ளைகள் வரிசையாகப் படுத்துத் தூங்குகிறார்கள், எழுப்பக் கூடாது என்று ஒரு நினைப்பு. எனக்கும் தூக்கம் வந்துவிடும்.

இப்போது என் குரல் வேண்டும் என்கிறீர்கள். குரல் எங்கே போயிற்று? தொண்டையில் பத்திரமாகத்தானே இருக்கிறது? படகுத்துறையில் நின்று நீங்கள் கூப்பிட்டால் நடுக்காயலில் போன படகு திரும்பி வருமே. அந்தக் குரலால் என்னிடம் ஒரு வார்த்தை, "தாங்க மாஷே" என்று போனில் சொல்லுங்கள். மறுநாளே தபாலில் சேர்க்கிறேன். வாயால் கள்ளன் என்றவர் வாயால்தான் கேட்க வேண்டும். இது என் பிடிவாதம்.

பவித்ரன்


கைனகரி
24 ஜூன் 2019

மாஷே,

வாயால் கேட்க முடியாது. நீங்கள் போனதற்கு இரண்டு வருஷம் கழித்துத் தொண்டையில் கட்டி வந்தது. கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, அதன் வழியாக மூச்சு விடுகிறேன். போனில் நீங்கள் கேட்டது அந்த மூச்சுதான். பெயரைப் பார்த்ததும் எடுக்காமல் இருக்க முடியவில்லை. எடுத்தேன். எடுத்தவள் என்ன செய்வேன், சொல்லுங்கள்.

பாவம் பார்க்க வேண்டாம், அதற்காக எழுதவில்லை. உயிர் இருக்கிறது, வேலை இருக்கிறது. வகுப்பில் கரும்பலகையும் கைத்தட்டலும் வைத்துக் கணக்கு நடத்துகிறேன். முன்னைவிட வகுப்பு அமைதி என்று ஹெட்மிஸ்ட்ரஸுக்குச் சந்தோஷம். என் வீட்டுக்காரர் ஜோஸ்குட்டி படகு ஓட்டுகிறார், உங்களுக்குத் தெரியுமே. அவர், "கர்த்தர் உனக்கு வாயை மூடினார், எனக்கு வாயைத் திறந்தார்" என்று விருந்தாளிகளிடம் ஜோக் அடிப்பார். அவர்கள் போன பிறகு உதட்டைப் பார்த்துப் பேச என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

ஆபரேஷனுக்கு மூன்று வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். மின்னு. இப்போது ஒன்றாம் வகுப்பு. என் உதட்டை அவள் படிக்கிற வேகத்தில் ஊரில் ஒருவரும் படிக்க மாட்டார்கள். ஆனால் அவள் என் குரலைக் கேட்டதே இல்லை, மாஷே. தாலாட்டு அவளுக்கு அப்பன் பாடியதுதான், அதுவும் படகு ஹாரன் மாதிரி. போன மாதம் குளிப்பாட்டும்போது கேட்டாள்: "அம்மா, உன் குரல் எப்படி இருந்துச்சு? காக்கா மாதிரியா, குயில் மாதிரியா?" நான் உதட்டால் குயில் என்றேன். "பொய். ஜோபி அண்ணன் நீ கத்துவேன்னு சொன்னாரு" என்றாள். உங்கள் நிலாப் பயல் ஜோபி இப்போது இங்கேதான் பால் சொசைட்டியில் இருக்கிறான்.

வேறு எதிலும் என் குரல் இல்லை. கல்யாண வீடியோவில் வாய் அசைகிறது, மேலே முழுக்க சினிமாப் பாட்டு. அந்தக் காலத்து போனில் என்ன இருந்தது? நீங்கள் பதிவு செய்து கொடுத்த சிடி, ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்காமலே போன வருஷ வெள்ளத்தில் அலமாரியோடு போயிற்று. மீதி இருப்பது அந்த டிஸ்க் ஒன்றுதான். அம்மா பாடுவதைக் கேட்கலாம் என்று மின்னுவிடம் சிலேட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் தினமும் தபால்காரரை வழிமறித்து நிற்கிறாள்.

தாங்க மாஷே. எழுதித்தான் கேட்க முடிகிறது.

ரீத்தம்மா


பய்யன்னூர்
1 ஜூலை 2019

என் டீச்சரே,

கடிதத்தைப் பிரசன்னாவிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் பலாமரத்தடியில் போய் நின்றேன். அவள் வாசித்துவிட்டு வந்து, "வாயால கேக்கணும்னு எழுதினீங்களே, அந்தக் கையை என்ன பண்ணலாம்?" என்றாள். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடுங்கள்.

அன்றே அனுப்பியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷம் துண்டில் கிடந்த டிஸ்க், உயிர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு குழந்தையின் கையில் கொடுப்பது எப்படி? என் லேப்டாப்பில் அதை மாட்ட இடமே இல்லை. டிஸ்கின் முதுகில் சீப்பு மாதிரி இரண்டு வரிசை ஊசி. லேப்டாப்பில் நகக்கண் அளவு துளை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடையில் இரண்டுக்கும் நடுவே மாட்டுகிற அடாப்டர் கிடைத்தது. ஒரு முனை சீப்புக்கு, ஒரு முனை துளைக்கு. கரண்டுக்குத் தனியாக ஒரு கட்டை. கடைக்காரன் டிஸ்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது உங்க கல்யாணத்துக்கு வந்த சீதனமா சாரே?" என்றான்.

மழை பெய்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் கலத்தப்பப் பலகாரத் தட்டை ஒதுக்கிவிட்டு விரித்து வைத்தேன். முதலில் அடாப்டரைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தப் பார்த்தேன். பிரசன்னாதான், "ஊசி வளையுது, நிறுத்துங்க" என்று கையைத் தட்டினாள். ஊசி வரிசையின் நடுவே ஓர் ஊசி இருக்காது, அடாப்டரிலும் அந்த இடம் அடைத்திருக்கும், அதை அதற்கு நேராக வைத்தால் வெண்ணெயில் கத்தி போல இறங்குகிறது. இதை ஒரு காலத்தில் நானே ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். மறந்துவிட்டது. பிறகு கரண்டைப் போட்டேன்.

டீச்சரே, அது சுற்ற ஆரம்பித்தது. முதலில் ஒரு பெருமூச்சு. அப்புறம் தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பது போல ஒரு சின்ன முனகல். பிறகு ஒரே சீராக ஒரு ரீங்காரம். மேஜையில் கை வைத்தால் விரலுக்குத் தெரிகிறது. எனக்கு நம் ஜன்னலோரம், வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள், தலையில் எண்ணெய் வாசனை, காயலில் மிதந்து போகும் ஆகாயத்தாமரை எல்லாம் அந்த மேஜை மேலேயே எழும்பி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

கண்ணைத் திறந்தால் திரையில் ஒரு கட்டம். இந்த டிஸ்கை உபயோகிக்க வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று கேட்கிறது. கழற்றி மாட்டினாலும் அதே கேள்வி. கடைக்காரனுக்கு போன் செய்தேன். "உள்ள ஒண்ணும் இல்லாட்டித்தான் சாரே அப்படிக் கேக்கும். ஆமான்னு அடிங்க, புது டிஸ்க் ஆயிடும்" என்றான். பிரசன்னாவின் தம்பி உதவி செய்கிறேன் என்று ஆமா என்ற பட்டன் மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோய்விட்டான். நான் வயரையே பிடுங்கிவிட்டேன். நல்லவேளை.

ஆனால் நல்லவேளை என்று சொல்ல என்ன மிச்சம்? உள்ளே ஒன்றும் இல்லை போலிருக்கிறது. மஸ்கட் வெயிலில் எல்லாம் ஆவியாகிவிட்டதோ என்னவோ. வெறும் பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் தூங்கினேன்? காலியானாலும் அது உங்களுடையது. டிஸ்க், அடாப்டர், கரண்டுக் கட்டை மூன்றையும் பஞ்சு வைத்து அனுப்புகிறேன். மின்னுவிடம் என்ன சொல்வீர்கள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பவித்ரன்


கைனகரி
9 ஜூலை 2019

மாஷே, மாஷே, என் பொன்னு மாஷே,

உங்களுக்கு மூளை மஸ்கட்டில் ஆவியாயிற்றா? எனக்குச் சத்தமாகச் சிரிக்க முடியாது, இல்லாவிட்டால் அந்தச் சிரிப்பு பய்யன்னூர் வரை வந்திருக்கும். நம் லேபில் எப்போது மாஷே விண்டோஸ் இருந்தது? கோடை விடுமுறையில் எங்களை வரிசையாக உட்காரவைத்து, "இனிமே கேரளத்துப் பள்ளிக்கூடத்துல பெங்குவின்தான்" என்று திரையில் அந்தக் குண்டுப் பறவையைக் காட்டியது யார்? ஒவ்வொரு மெஷினிலும் லினக்ஸை உங்கள் கையால் ஏற்றிவிட்டு, பறவைக்குப் பிறந்தநாள் என்று எங்களுக்கு லட்டு கொடுத்தது யார்? அந்தப் பறவை எழுதியதை உங்கள் புது லேப்டாப்புக்கு வாசிக்கத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனசில்லாமல், வெறும் காகிதம், அழித்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறது. மனுஷர் மட்டும்தான் அப்படி என்று நினைத்தேன்.

பார்சலை நேராகப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். எங்கள் லேபில் இன்னும் பெங்குவின்தான். மத்தியானக் கஞ்சிக்குப் பிள்ளைகள் போன நேரம். ஊசி இல்லாத இடத்தைப் பார்த்து அடாப்டரை மாட்டி, கரண்டைப் போட்டேன். நீங்கள் சொன்ன அந்தப் பெருமூச்சு வந்தது. மூச்சுக்கு மூச்சு என்று நானும் ஒன்று விட்டேன். திரையில் ஒரு மஞ்சள் ஃபோல்டர் மெல்ல எழும்பி வந்தது. மேலே பெயர், சொப்பனம்.

எல்லாம் இருக்கிறது மாஷே! ஒன்றும் போகவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சர்ச் கூரையில் வாத்துகள் ஏறிப் பூசை கேட்ட சொப்பனம். வீட்டுக்குக் கால் முளைத்து ஆழமில்லாத இடமாகப் பார்த்து நடந்து போன சொப்பனம். இறந்துபோன ஆடு கடிதம் போட்ட சொப்பனம். ஜோபியின் நிலா. வெளியே மழை கோடு கோடாக இறங்குகிறது, உள்ளே பிள்ளைகள் தூக்கம் கலையாத குரலில் பேசிக்கொண்டே போகிறார்கள். மணி அடித்தது எனக்குக் காதில் விழவில்லை.

ஆனால் பாட்டு இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டேன். ஓணப்பாட்டு எங்குமே இல்லை. மைக்கைப் பிள்ளைகளின் வாய்க்கு நேராகப் பிடித்தீர்கள், நான் தள்ளி நின்றேன். என் குரல் என்று அதில் இருப்பது ஒரே ஒரு வார்த்தை. பிள்ளை எங்காவது நிறுத்தினால் பின்னாலிருந்து ஒரு பெண், "அப்புறம்?" என்கிறாள். திரும்ப நிறுத்தினால் திரும்ப, "அப்புறம்?" அவ்வளவுதான் நான். நாள் பூராவும் வாய் ஓயாதவள் என்று பெயர் எடுத்தவளுக்கு மிச்சம் இந்த ஒரு வார்த்தை. மனசு விட்டுப்போயிற்று, மாஷே. பாட்டு கேட்கலாம் என்று காத்திருக்கிற பிள்ளையிடம் இதைப் போய் எப்படிப் போட்டுக் காட்டுவேன்? பாட்டு எங்கே போனது என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ரீத்தம்மா


பய்யன்னூர்
15 ஜூலை 2019

டீச்சரே,

பெங்குவின் விஷயத்தைப் பிரசன்னா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். மொபைல் கடைக்காரன் என்னைப் பார்த்தால் கையை இறக்கை மாதிரி வைத்துக்கொண்டு நடந்து காட்டுகிறான். நடக்கட்டும்.

பாட்டு எங்கே போனது என்று யோசித்து யோசித்து, நேற்று ஷேவ் செய்யும்போது நினைவு வந்தது. நீங்கள் பாடத் தொடங்கினதுமே கரண்டு போய்விட்டது. யுபிஎஸ் எப்போதோ செத்தது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பாடினீர்கள். மூடினால் மூடினதுதான், முடிகிறவரை திறக்கவில்லை. இருட்டுத் திரைக்கு முன்னால், மழை இருட்டில், முழுப்பாட்டும். பிள்ளைகள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். உங்களுக்குத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது எந்த டிஸ்கிலும் இல்லை, டீச்சரே. கேட்டவர்களிடம் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. ஆனால் நான் பாடினால் மின்னு பயந்துவிடுவாள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் லீவில் இருந்த வாரம் நானே பிள்ளைகளிடம் சொப்பனம் கேட்டுப் பார்த்தேன். "நிலா வந்துச்சு மாஷே" என்பான் ஒருவன், முடிந்தது. "பாம்பு" என்பாள் ஒருத்தி, ஓடிவிடுவாள். ஒரு சொப்பனமும் ஒரு வரிக்கு மேல் போகவில்லை. நீங்கள் திரும்பி வந்த அன்று ஜோபி அரை மணி பேசினான். பாட்டு நன்றாக இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் உங்கள் குரல் எதற்காக இருந்ததோ, அதுதான் டிஸ்கில் வந்திருக்கிறது. பிள்ளையிடம் போட்டுக் காட்டுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.

பவித்ரன்


கைனகரி
22 ஜூலை 2019

மாஷே,

நேற்று ஞாயிறு. பூசை முடிந்து வந்து, ஜோஸ்குட்டி வாத்துக் கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பள்ளியிலிருந்து பென் டிரைவில் எடுத்து வந்ததை நடு அறைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். முதலில் சிலேட்டில் உண்மையை எழுதிக் காட்டினேன், பாட்டு இல்லை என்று. மின்னுவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப என்னதான் இருக்கு?" என்றாள். கேள் என்று சைகை காட்டி ஜோபியின் சொப்பனத்தைப் போட்டேன். ஜோஸ்குட்டி துருவுவதை நிறுத்திவிட்டார்.

ஜோபி ஆரம்பித்தான். அப்பாவின் படகு, தகரம், தண்ணீர். அங்கே நிறுத்தினான். பின்னாலிருந்து நான் கேட்டேன்: "அப்புறம்?"

மின்னு கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. சட்டென்று திரும்பி என் வாயைப் பார்த்தாள். "இதுவா நீ?" என்றாள். நான் தலையாட்டினேன். "காக்காவும் இல்ல, குயிலும் இல்ல" என்றாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். ஜோஸ்குட்டி, "உங்கம்மா அடங்கின குரல்ல பேசினது இது ஒண்ணுதான்டி" என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். கையில் துருவல் இருக்கிறதை மறந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவள் எழுந்து போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கால் தரையில் எட்டாமல், திரைக்கு நேராக உட்கார்ந்தாள். திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். படகு, தகரம், தண்ணீர். "அப்புறம்?" என்று நான் கேட்டேன்.

"அப்புறம்..." என்றாள் மின்னு. "நேத்து நான் தண்ணிக்கு அடியில நடந்து போறேன். அங்க நம்ம பழைய அலமாரி இருக்கு. கதவைத் திறந்தா உள்ள ஒரே மீனு. சேலை மடிச்சு வச்ச மாதிரி மீன மடிச்சு வச்சிருக்கு..."

தகரத்தில் நிலா விழுந்ததைப் பற்றி ஜோபி குறுக்கே பேச ஆரம்பித்தான். மின்னு திரையைப் பார்த்துக் கையை ஓங்கினாள்.

"டேய், நீ சும்மா இரு. அம்மா என்கிட்டதான் கேக்குறாங்க."

நான் ஜோபியை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

ரீத்தம்மா